சுழற்சிக் கணக்கு: சூத்திரம் சரி, விடை ஏன் பிழைக்கிறது?

உயர்தர இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தச் சூத்திரத்தைச் சொல்வார்கள். ஒரு புள்ளியை உற்பத்தியை, அதாவது (0, 0) புள்ளியைச் சுற்றி இடஞ்சுழியாக (மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில்) தீற்றா கோணம் சுழற்றினால்:

புதிய எக்ஸ் = எக்ஸ் கோஸ் தீற்றா − வை சைன் தீற்றா
புதிய வை = எக்ஸ் சைன் தீற்றா + வை கோஸ் தீற்றா

பிழை பெரும்பாலும் இதற்கு வெளியேதான் வருகிறது. எங்கிருந்து, எந்தப் பக்கம், எதைச் சுற்றி என்று பார்க்காமலே பேனாவை எடுத்துவிடுகிறோம்.

1857இல் கட்டிய கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தையே எடுங்கள். நிமிட முள்ளின் நுனிக்கு ஆள்கூறு எழுதச் சொன்னால், நிமிடத்துக்கு 6 பாகை என்று சரியாகவே கணித்து, (ஆர் கோஸ் 6டி, ஆர் சைன் 6டி) என்று பலர் எழுதிவிடுவார்கள். இதில் ஆர் முள்ளின் நீளம், டி கடந்த நிமிடங்கள். டி பூச்சியமானால் அந்த முள் 3ஐக் காட்டும். 15 நிமிடம் கழித்து 12இல் நிற்கும். மணிக்கூடு பின்னால் ஓடுகிறது! கோணத்தை எக்ஸ் அச்சிலிருந்து இடஞ்சுழியாக அளக்கிறோம். முள்ளோ 12இல் தொடங்கி வலஞ்சுழியாகப் போகிறது. ஆகவே கோணம் 90 − 6டி. 20ஆவது நிமிடத்தில் −30 பாகை, அதாவது 4இன் திசை. 90ஐ நினைவில் வைத்துக் கழித்தலை மறப்பவர்களும் உண்டு. அவர்களுடைய முள் 12இலிருந்து 9 பக்கம் நகரும்.

கணினியில் எழுதுபவர்கள் விழும் குழி வேறு. (3, 4)ஐ 90 பாகை சுழற்றினால் (−4, 3) வரவேண்டும். முதல் வரியிலேயே எக்ஸை −4 ஆக மாற்றிவிட்டு, அடுத்த வரியில் அந்தப் புது எக்ஸையே போட்டால் வை −4 ஆகிவிடும். பழைய எக்ஸை வேறு பெயரில் பத்திரப்படுத்தினால் போதும். இந்தப் பிழையைத் தூரமே காட்டிக்கொடுக்கும்: உற்பத்தியிலிருந்து 5 அலகில் இருந்த புள்ளி ஏறக்குறைய 5.66க்குப் போயிருக்கும். சுழற்சியில் தூரம் மாறவே கூடாது. ஆனால் தூரம் சரியென்று நிம்மதியடையவும் முடியாது. சைனின் குறியை இடம் மாற்றிப் போட்டாலும் தூரம் அப்படியே இருக்கும். அதற்கு (1, 0)ஐ 90 பாகை சுழற்றிப் பாருங்கள். (0, 1) வந்தால் சரி, (0, −1) வந்தால் திசை பிழை.

மையம் உற்பத்தியில் இல்லாத கணக்குகளும் அப்படித்தான். கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் சுழலும் உணவகத்தில் ஒரு மேசை (5, 2)இலும், கோபுரத்தின் நடு (2, 2)இலும் இருப்பதாக வைப்போம். நடுவைக் கழித்தால் (3, 0). 90 பாகை சுழற்றினால் (0, 3). திரும்பக் கூட்டினால் (2, 5). கழிக்காமல் சுழற்றினால் (−2, 5), மேசை கோபுரத்தை விட்டே வெளியே போய்விடும்.

பாகையும், கோணத்தின் இன்னோர் அலகான ஆரையனும் (ரேடியன்) குழம்புவது பழைய கதை. நிரல்மொழிகள் பெரும்பாலும் ஆரையனையே எதிர்பார்க்கும்; சைன் 30 கேட்டால் 0.5க்குப் பதில் −0.988 தரும். கோணத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும்போது வையை எக்ஸால் வகுத்து நேர்மாறு டான் எடுப்பதும் ஆபத்து: (−3, −3)க்கு 45 பாகை என்று வரும், உண்மை 225. இரண்டு ஆள்கூறுகளையும் தனித்தனியாக வாங்கும் அடான்2 என்ற நிரல்மொழிச் சார்பைப் பயன்படுத்துங்கள். அது −135 என்று தரும். இரண்டும் ஒரே திசைதான். அப்புறம், பல திரைகளில் வை அச்சு கீழ்நோக்கி வளரும். அங்கே இதே சூத்திரம் வலஞ்சுழியாகச் சுற்றும்.