நாய்க்கு மூட்டு தேய்மானமா? வீட்ல என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாது

எங்க மணிக்கு (லேப்ரடார், சுருக்கமா லேப் தான், ஆனா பேரு மணி, அப்பா வச்சது) 9 வயசு இருக்கும்போது காலைல எந்திரிக்கிறப்ப முன்கால ஊனிட்டு பின்கால் ரெண்டும் டைல்ஸ்ல சர்ருனு வழுக்கும், அப்புறம் ரெண்டாவது தடவ தம் கட்டி எழும்பும், பத்து அடி நடந்தா சரியாயிடும். நாங்களும் வயசாயிடுச்சு, சோம்பேறி ஆயிட்டான்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்த ஓட்டிட்டோம். வலிச்சா நாய் கத்தும்னு நெனப்பு நமக்கு. மூட்டு வலிக்கு பெரும்பாலும் கத்தாது. மாடிப்படி கிட்ட நின்னு யோசிக்கும், சோபால ஏறாது, ஒரே மூட்ட நக்கிக்கிட்டே இருக்கும், பின்பக்கம் தொட்டா திரும்பிப் பாக்கும், தொடை சதை மெலியும். இதுல ரெண்டு மூணு தெரிஞ்சாலே டாக்டர்கிட்ட போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. இடுப்பு மூட்டு பிறவியிலயே சரியா பொருந்தாம இருந்திருக்கலாம், முழங்கால் ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற.

தேஞ்ச குருத்தெலும்பு திரும்ப வளராது. வலியக் குறைக்கலாம், மேல தேயாம இழுத்துப் பிடிக்கலாம், அவ்ளோதான். அதுல முதல் வேலை வெயிட் குறைக்கிறது, மாத்திரையெல்லாம் அதுக்கப்புறம். அமெரிக்கால 48 லேப் குட்டிகள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணுக்கு 25 சதவீதம் சாப்பாடு கம்மியா குடுத்து ஆயுசு முழுக்க கவனிச்சிருக்காங்க, 2002ல முடிவு வந்துச்சு, கம்மியா சாப்பிட்டது சராசரியா கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலா வாழ்ந்துச்சு, மூட்டுப் பிரச்சனையும் லேட்டாதான் வந்துச்சு. மணி அப்ப 38 கிலோ. தயிர் சாதம் ரெண்டு வேளை, டீக்கடை பொறை, அம்மா சாப்பிடும்போது ஒரு வாய், பக்கத்து வீட்டுப் பையன் போடுற பிஸ்கட். வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு காலைலயே ஒரு டப்பால அளந்து வச்சிட்டோம், யாரு குடுத்தாலும் அதுலேருந்துதான் குடுக்கணும். சோத்தக் குறைச்சு வேகவச்ச பீன்ஸ், பூசணி சேத்தோம், வெங்காயம் பூண்டு மட்டும் கூடவே கூடாது. 31 கிலோவுக்கு வர 8 மாசம் ஆச்சு. விலா மேல கை வச்சா எலும்பு லேசா தட்டுப்படணும், மேலேருந்து பாத்தா இடுப்பு உள்வாங்கித் தெரியணும், அதுதான் கணக்கு.

அடுத்து தரை. நம்ம வீட்டு வழவழ டைல்ஸ் இதுங்களுக்கு எமன். படுக்கிற இடத்துலேருந்து தண்ணி கிண்ணம், வாசல் வரைக்கும் பழைய யோகா மேட்ட வெட்டி வரிசையா போட்டேன், பாக்க கண்றாவியா இருந்துச்சு, ஆனா மறுநாளே வழுக்கல் நின்னுச்சு. நகத்த வெட்டி, பாதத்துக்கு நடுவுல வளர்ற முடிய ட்ரிம் பண்ணிடுங்க. படுக்கைக்கு வெறும் சாக்கு போதாது, தடிமனான மெத்தை வேணும். படி ஏறணும்னா அடிவயித்துக்குக் கீழ ஒரு துண்ட விட்டு ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடிங்க.

நடையை நிறுத்திடாதீங்க, நிறுத்துனா சதை போயிடும், சதை போனா மூட்டுல இன்னும் பாரம். வாரம் முழுக்க கட்டிப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் பீச்சுல ஓட விடுறதுதான் ஆகவே ஆகாது. தினமும் 10 நிமிஷமா மூணு தடவ, ரோடு சூடாகுறதுக்கு முன்னாடி. பந்து எறியறத விட்டுடுங்க, அது பாஞ்சு சடார்னு திரும்புறதுலதான் மூட்டு போகும்.

இப்ப மாத்திரை. மெலாக்ஸிகாம், கார்புரோஃபென் மாதிரி நாய்க்குன்னே குடுக்கிற வலி மருந்துங்க நல்லாவே கேக்கும், ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிட்னி, லிவருக்கு ரத்த டெஸ்ட் எடுத்துடணும், தொடர்ந்து குடுத்தா அப்பப்ப திரும்பவும் எடுக்கணும். எங்க அப்பா ஒருநாள் பாவமா இருக்குன்னு அவரு முதுகு வலி மாத்திரைல பாதிய உடைச்சு குடுத்துட்டாரு, ராத்திரி பூரா வாந்தி. மனுஷ மாத்திரை வேணவே வேணாம். மெலாக்ஸிகாமே நமக்கு வர்றது 7.5, 15 மி.கி., 30 கிலோ நாய்க்கு தினசரி டோஸே 3 மி.கி. தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் குடல்ல புண்ணாக்கி கிட்னியையும் காலி பண்ணிடும் (அதே டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதத் தின்ன பிணந்தின்னிக் கழுகெல்லாம் அழிஞ்சுதான் 2006ல இந்தியால கால்நடைக்கு அத தடை பண்ணாங்க). ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் ஒண்ணா சேரவே கூடாது, இன்னொரு டாக்டர்கிட்ட போனா என்ன ஓடிட்டு இருக்குன்னு சொல்லிடுங்க. வாந்தி, சாப்பாடு மறுக்கிறது, தார் மாதிரி கருப்பா மலம், இதுல எது வந்தாலும் அடுத்த டோஸ குடுக்காம உடனே டாக்டர்.

மீன் எண்ணெய் கொஞ்சம் உதவும், ஆனா மீன் ஈரல் எண்ணெய் வேற, அதுல வைட்டமின் ஏ, டி ஏறிப்போயிடும், மாத்தி வாங்கிடாதீங்க. மூட்டுக்குன்னு விக்கிற குளுக்கோசமைன் பவுடருக்கு மாசாமாசம் காசு குடுக்கிறதுக்கு அந்தக் காசுல நல்ல மெத்தை வாங்கலாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி காலைல அது தூங்கி எந்திரிக்கிறத போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. வீட்ல நொண்டுற நாய் கிளினிக் வாசல மிதிச்ச உடனே பயத்துல நேரா நடக்கும், டாக்டர் உங்களத்தான் ஒரு மாதிரி பாப்பாரு. ரெண்டு வாரத்துக்கு ஒரு வீடியோ எடுத்து வச்சா மருந்து கேக்குதா இல்லையான்னும் அதுலயே தெரிஞ்சிடும்.