ஜிம் சந்தா தவறி அபராதம் வந்தால்: வாதாடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தின் மாதச் சந்தா 89 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிச் செலவில் கணக்கு காலியாகி, ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) பிடித்தம் திரும்பிவிட்டது. இரண்டு நாளில் உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: சந்தா 89, தாமதக் கட்டணம் 30, நிர்வாகக் கட்டணம் 15, ஆக மொத்தம் 134 வெள்ளி. உடனே கைப்பேசியை எடுத்துப் பலரும் தட்டச்சு செய்யும் வரி ஒன்று உண்டு. "போன மாதம் நான் அந்தப் பக்கமே வரவில்லை, எதற்குப் பணம்?"

இதைவிடப் பலவீனமான வாதம் கிடையாது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் கதவு திறந்திருப்பதற்குத்தான் சந்தா. இந்த வரியோடு தொடங்கினால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம்: ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை வெட்டி ஒட்டிப் பதில் அனுப்பிவிட்டு அவர்கள் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய 45 வெள்ளியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் 134ஐ உடையுங்கள். 89 வெள்ளி நிலுவை. அது உங்கள் கடன், அதில் தகராறு இல்லை. சண்டை மீதி 45 வெள்ளிக்கு மட்டும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எதையும் கட்டமாட்டேன்" என்று நிற்பதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு. அடுத்த மாதம் இன்னொரு தாமதக் கட்டணம் ஏறும், அதற்கடுத்த மாதம் இன்னொன்று. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கணக்கு அவர்கள் பக்கம் வளரும்.

89 வெள்ளியை உடனே கட்டுங்கள். ஆனால் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. பணம் கொடுப்பவர், அது எந்தக் கடனுக்கு என்று கொடுக்கும்போதே சொல்லலாம் என்பது நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான பழைய பொதுச் சட்டக் கொள்கை. சொல்லாவிட்டால், வாங்குபவர் தன் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய 89இல் முதலில் 45ஐக் கழித்துக்கொண்டு, "சந்தாவில் இன்னும் 45 பாக்கி" என்று மறுபடியும் தாமதக் கட்டணம் போடுவது இந்த வழியில்தான். கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ் சேவையின் குறிப்பில் "நவம்பர் சந்தா மட்டும்" என்று எழுதுங்கள். அதே நாளில் ஒரு மின்னஞ்சலும் போடுங்கள்: "89 வெள்ளி நவம்பர் சந்தாவுக்காக இன்று செலுத்தப்பட்டது. 30 வெள்ளி, 15 வெள்ளிக் கட்டணங்களை ஏற்கவில்லை. அவை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி, எந்தச் செலவுக்காக என்பதைத் தெரிவிக்கவும்." நான்கு வரி போதும். வாழ்க்கைக் கதை வேண்டாம்.

அடுத்து, பணம் ஏன் போகவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமலே வாதத்தில் இறங்குவது. வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கணக்கில் பணம் இல்லாதது ஒரு கதை. அட்டைவழிச் சந்தா கட்டுபவருக்கு, மோசடிச் சந்தேகத்தில் வங்கி பழைய கடன்பற்று அட்டையை முடக்கிப் புதிய எண் கொடுத்தது வேறு கதை. அதிலும் எண்ணைத் தெரிவிக்கும் பொறுப்பைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் உறுப்பினர் தலையில்தான் வைத்திருக்கும், ஆகவே அங்கே உரிமையைப் பேசுவதைவிடச் சலுகை கேட்பது பலன் தரும். முதல் தடவை என்றால் பல கிளை மேலாளர்கள் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஆனால் வழக்கமான தேதிக்கு முன்பே அவர்கள் பிடிக்க முயன்றிருந்தாலோ, ஒரே மாதத்தில் இருமுறை முயன்றிருந்தாலோ, வங்கி அறிக்கையே உங்களுக்குச் சாட்சி.

இன்னொரு வகையும் உண்டு. ஊருக்குப் போகும் மாதத்துக்கு உறுப்பியத்தை நிறுத்திவைக்கச் சொல்லியிருப்பீர்கள். "பிரச்சினை இல்லை அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கவுண்டரில் இருந்த பிள்ளை சொல்லியிருக்கும். திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போயிருக்கும். அந்தச் சொல்லை இப்போது எங்கே போய்த் தேடுவது? அன்று மாலையே "இன்று பேசியபடி டிசம்பர் மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால், அதற்குப் பதில் வராவிட்டாலும்கூட, இன்று காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

ஜைரோவை நிறுத்தினால் ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஜைரோ என்பது பணம் போகும் குழாய். குழாயை அடைத்தால் கடன் ஓடிவிடாது. குறைந்தபட்சக் காலம் 12 மாதம் என்று கையெழுத்திட்டிருந்தால், மீதி மாதங்களும் சேர்ந்து துரத்தும். வங்கியிடம் போய் அட்டைப் பிடித்தத்தை மறுப்பதும் அவசரத்தில் செய்யக்கூடியதல்ல. நீங்கள் அனுமதி கொடுத்த பிடித்தமா என்பதுதான் வங்கியின் முதல் கேள்வி. ஒரே மாதத்துக்கு இருமுறை எடுத்திருந்தால் தாராளமாக மறுக்கலாம், காலக்கெடு தவறாமல். கட்டணம் நியாயமா என்ற கேள்விக்கு வங்கி நீதிபதி அல்ல.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்ய ஐந்து நாள் அவகாசம் என்று ஒன்றைச் சிலர் எடுத்து வீசுவார்கள். சட்டம் தரும் அந்த உரிமை, வீட்டுக்கே வந்து விற்பது போன்ற நேரடி விற்பனைக்கும் வேறு சிலவகை ஒப்பந்தங்களுக்கும் உரியது. நீங்களாகவே ஜிம்முக்கு நடந்துபோய்க் கையெழுத்திட்டதற்கு அது தானாகப் பொருந்தாது.

சரி, 45 வெள்ளியை எதை வைத்து எதிர்ப்பது? ஒப்பந்தத்தில் அப்படியொரு கட்டணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறுவனத்தின் இணையத்தளத்தில் இன்று இருப்பதைப் பார்க்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட நாளில் இருந்த வாசகம்தான் கணக்கு. அதில் இல்லாத கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை, பேச்சு அங்கேயே முடிந்தது.

இருந்தால்? ஒப்பந்த மீறலுக்காகப் போடும் தொகை, அந்த மீறலால் வரக்கூடிய நஷ்டத்தின் உண்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், தண்டனையாக இருக்கக்கூடாது. 1915இல் இங்கிலாந்தில் டன்லப் வழக்கில் வகுத்த அளவுகோல் இது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் அதைத் தளர்த்தியது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் டென்கா வழக்கில் அந்தத் தளர்வை ஏற்காமல் பழைய அளவுகோலிலேயே நின்றது. சந்தா தவறியது ஒப்பந்த மீறல்தான் என்பதால் இந்த வாதம் தாமதக் கட்டணத்துக்குப் பொருந்தும். என் கணிப்பில், வங்கிச் செலவு, ஊழியர் நேரம் என்று சொல்லி 15 வெள்ளியை அவர்கள் நியாயப்படுத்திவிடலாம். அதே காரணத்துக்கு மேலும் 30 எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவார்கள். வாரத்துக்கு வாரம் ஏறும் கட்டணம் என்றால் இன்னும் திணறுவார்கள். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டமும், பயனீட்டாளரின் நிலையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு மிகக் கடுமையான, ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் நுழைப்பதை நியாயமற்ற செயலாகப் பட்டியலிடுகிறது.

பேசித் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கடிதம் எழுதும், சமரசம் பேசும். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை அங்கே வழக்காடலாம். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. 5,000 வெள்ளிக்குள் உள்ள வழக்குக்குத் தனிநபர் கட்டுவது 10 வெள்ளி. பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் பார்ப்போம் என்று ஆறப்போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே வழக்குப் போட இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு.

கடன் வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்ததும் பயந்து 134ஐயும் கட்டிவிடுவது ஒரு தவறு. அது நீதிமன்ற ஆணையல்ல. உங்கள் வீட்டுப் பொருளைத் தூக்கிச் செல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, தொழிலுக்கே 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவை. கட்டணம் தகராறில் இருக்கிறது என்று எழுதி, பழைய மின்னஞ்சலை இணைத்து அனுப்புங்கள். அதே அலட்சியத்தில் நடுவர் மன்றத்தின் அழைப்பாணையையும் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடாதீர்கள். நிறுவனமும் உங்கள்மீது அங்கே வழக்குப் போட முடியும். குறித்த தேதியில் நீங்கள் போகாவிட்டால், நீங்கள் இல்லாமலே ஆணை பிறக்கலாம்.