விண்டோஸ் 11-இல் டெக்ஸ்ட் எடிட்டர் திறக்கவில்லையா? கை வைக்கக் கூடாத இடங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு முடிந்தது. அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது சிஸ்டம் வாங்கியவர்களும் சரி, பழையதிலேயே 11 ஏற்றிக்கொண்டவர்களும் சரி, ஒரே மாதிரி புலம்புகிறார்கள்: "எடிட்டரை டபுள் கிளிக் பண்ணினா ஒண்ணுமே வரலை."

உடனே எல்லோரும் செய்வது, அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. பெரும்பாலும் பலன் இருக்காது. நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற எடிட்டர்கள் அமைப்புகளையும், கடைசியாகத் திறந்திருந்த கோப்புகளின் பட்டியலையும் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள், தங்கள் பெயரில் ஒரு தனிக் கோப்புறை போட்டு வைத்திருக்கும். கோளாறு அங்கே இருந்தால், நிரலை எத்தனை முறை ஏற்றினாலும் அதே கதைதான்.

இது தெரிந்தவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: எடிட்டரின் பெயரில் உள்ள அந்தக் கோப்புறையையே டெலீட் செய்துவிடுகிறார்கள். அதற்குள் பேக்கப் என்று ஒரு கோப்புறை உண்டு. பெயர் வைக்காமல், சேவ் செய்யாமல் 'நியூ 1', 'நியூ 2' என்று விட்டுவைத்த டேப்களில் இருப்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். திருவல்லிக்கேணி டிடிபி கடையில் வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல அடித்த கல்யாணப் பத்திரிகை வாசகமும் அதில் இருக்கலாம். அதனால் அழிக்காதீர்கள், எடிட்டர் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றுங்கள். பின்னால் 'பழையது' என்று சேர்த்தாலே போதும். அதன் பிறகு எடிட்டர் திறந்தால், குற்றவாளி அந்தக் கோப்புறையில் இருந்த ஏதோ ஒரு கோப்புதான். பேக்கப்பில் இருப்பவை சாதாரண உரைக் கோப்புகள். பெயரில் @ குறியும் தேதியும் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் திறந்து வேறு பெயரில் சேவ் செய்துகொள்ளலாம்.

எடிட்டர் உண்மையிலேயே திறக்கவில்லையா என்பதையும் பாருங்கள். டாஸ்க்பாரில் ஐகான் தெரிந்து ஜன்னல் மட்டும் காணோம் என்றால், முன்பு மாட்டியிருந்த இரண்டாவது மானிட்டரின் இடத்தில் அது திறந்திருக்கும். ஆல்ட்-டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-ஸ்பேஸ், பிறகு எம், பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறி அழுத்திவிட்டு மவுஸை நகர்த்தினால் ஜன்னல் கூடவே வந்துவிடும்.

டிஎல்எல் கோப்பு (நிரல் ஓடத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால், அந்தப் பெயரைக் கூகுளில் தேடி கண்ட தளத்திலிருந்து இறக்குவது வைரஸுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. விசி ரன்டைம் என்று தொடங்கும் பெயராக இருந்தால், அதைக் கொண்டுவரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். எடிட்டர் 32 பிட் என்றால் அதற்குரிய எக்ஸ்86 பதிப்புதான் வேண்டும், சிஸ்டம் 64 பிட்டாக இருந்தாலும். பிளகின்களுக்கும் (எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள்) இதே கணக்கு: 32 பிட் பிளகின் 64 பிட் எடிட்டரில் ஓடாது.

'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் திறக்கிறது என்று அதையே நிரந்தரமாக்காதீர்கள். எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்துப் போடுவது வேலை செய்யாமல் போகும்.

பழைய தமிழ் எடிட்டர் வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. அது 16 பிட் நிரலாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பாட்டிபிலிட்டி டேபில் எதை டிக் செய்தாலும் நேரம்தான் வீண். விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருள் கம்ப்யூட்டர்) பழைய 32 பிட் விண்டோஸ் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பழைய தமிழ் எடிட்டரில் அடித்த கோப்பை நோட்பேடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் போன்ற குறியாக்கங்கள் (எழுத்துக்கு எண் ஒதுக்கும் முறைகள்) அப்படித்தான் தெரியும்; கோப்பு கெட்டுவிடவில்லை. யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்துக்கு மாற்றி சேவ் செய்தால் அது தமிழாகிவிடாது. அந்தக் குப்பை எழுத்துகளே யுனிகோடில் பதிவாகும், பழைய எடிட்டராலும் பிறகு சரியாகப் படிக்க முடியாது. கோப்பை நகலெடுத்து, அந்த நகலை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுங்கள்.