வான்வெளிப் பொறியியல் உபகாரச் சம்பளம்: விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது

மலேசியாவில், நிபோங் திபாலில் உள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலோ செர்டாங் யுபிஎம் பல்கலைக்கழகத்திலோ வான்வெளிப் பொறியியல் படிக்கும் மாணவர்கள், நல்ல சிஜிபிஏ (ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி) இருந்தும் உபகாரச் சம்பளத்தைக் கோட்டைவிடுவதுண்டு. பெரும்பாலும் காரணம் விண்ணப்பப் பாரத்தில்தான் இருக்கும்.

முதலில் தகுதி விதியைப் படியுங்கள். நாசாவின் பயிற்சி வாய்ப்புகள் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மாரா என்ற அரசு அமைப்பின் நிதியுதவி பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானது. ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்ஐஇடி தருவது கல்விக் கடன், திருப்பிக் கட்ட வேண்டும்.

நமக்குத் திறந்திருக்கும் கதவுகளில் மூன்றைக் கவனியுங்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரில் உள்ள ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். இளங்கலைப் பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் எழுத்துத் தேர்வு உண்டு. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்தவருக்குப் பாடம் புதிதாக இராது, நேரக் கட்டுப்பாடுதான் கடிக்கும். கடிகாரத்தை வைத்துப் பழகுங்கள்.

பிரிட்டன் அரசின் செவெனிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுகலைக்கானது. 2,800 மணிநேர வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி, குறைந்தது 2 ஆண்டுகள் இங்கே இருக்க வேண்டும். பகுதிநேர வேலையும் பயிற்சிப் பணியும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செய்த வேலைகளின் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள்.

வான்வெளித் துறையில் முனைவர் பட்டம் படிக்கும் பெண்களுக்கு, சொந்தா இன்டர்நேஷனல் (Zonta) என்ற பெண்கள் அமைப்பின் அமேலியா ஏர்ஹார்ட் ஃபெல்லோஷிப் உண்டு. 1938 முதல் வழங்கப்படுகிறது, தொகை 10,000 அமெரிக்க டாலர், எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். காலக்கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். முனைவர் பட்டத்தை முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்தது பெயர். வெளிநாட்டுப் பாரங்களில் நமக்கு அதிகத் தொல்லை தருவது இதுதான். மைகாட் அடையாள அட்டையில் 'கவிதா ஏ/பி முருகன்' (ஏ/பி என்றால் மகள்) என்று இருக்கும். வெளிநாட்டுப் பாரமோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும், சாய்கோட்டையும் ஏற்காது. ஒரு பாரத்தில் கவிதா முருகன், இன்னொன்றில் முருகன் கவிதா, பரிந்துரைக் கடிதத்தில் கே. முருகன் என்று வந்தால், சரிபார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேராகத் தெரியும். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் உங்கள் பெயரை மற்றதிலும் எழுதி, எல்லாப் பாரத்திலும் அதையே தொடருங்கள். கடப்பிதழில் (பாஸ்போர்ட்) உள்ள முழுப் பெயரைப் பரிந்துரைப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். பழைய சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன் ஓர் உறுதிமொழி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பலர் டத்தோ பட்டம் பெற்றவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் தேடி ஓடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் காற்றுச் சுரங்கச் சோதனை பற்றி என்ன தெரியும்? இறுதியாண்டுத் திட்டத்தை மேற்பார்த்த விரிவுரையாளரின் இரண்டு பத்திகள் அதைவிடக் கனமானவை. 6 வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் திட்டம், பெற்ற மதிப்பெண், உபகாரச் சம்பளத்தின் நோக்கம், கெடு தேதி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று எவருக்கும் பொருந்தும் கடிதம்தான் வரும்.

சுயவிளக்கத்தில் 'சிறு வயதிலிருந்தே விமானம் பிடிக்கும்' என்று தொடங்காதீர்கள். தேர்வுக் குழு அதை ஆயிரம் முறை படித்திருக்கும். 'எங்கள் குழு ட்ரோன் இறக்கையை இலகுவாக்கியது' என்பதும் போதாது. அதில் நீங்கள் எங்கே? 'கார்பன் இழை அடுக்குகளை 6-இலிருந்து 4 ஆக்கினேன். வளைவுச் சோதனையில் அடிப்பகுதி விரிசல் விட்டது. அங்கே மட்டும் ஓர் அடுக்கைக் கூட்டினேன்' என்ற மாதிரி எழுதினால் பொறியாளரின் கை தெரியும். தோற்ற சோதனையை மறைக்க வேண்டியதில்லை, ஏன் தோற்றது என்று எழுத முடிந்தால் சரி.

காட்ட ஒன்றுமில்லை என்றால் இப்போதே ஒரு போட்டியில் சேருங்கள். ஜப்பான் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவின் கிபோ ரோபோ நிரலாக்கப் போட்டியில் மலேசிய மாணவர் குழுக்கள் கலந்துகொள்கின்றன. விண்வெளி நிலையத்தில் மிதக்கும் ஆஸ்ட்ரோபீ ரோபோவுக்கு ஜாவா நிரல்மொழியில் நிரல் எழுத வேண்டும். மடிக்கணினி போதும், பட்டறை தேவையில்லை. பங்கேற்புச் சான்றிதழை 'விருது' என்ற தலைப்பில் போடாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகிவிடும்.

வருமானச் சான்றுகள் சலிப்பானவை, ஆனால் சுலபம்: பெற்றோரின் சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, சான்றுறுதி செய்த நகல்கள்.

கிடைத்த பிறகு ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) போன்ற அரசு நிதியில் படித்தவருக்குச் சேவைக் கட்டுப்பாடு இருக்கும், ஜாமீன்தாரர் கையெழுத்தும் கேட்பார்கள். ஏற்கெனவே ஒரு நிதியைப் பெறுகிறீர்கள் என்றால், இரண்டாவதில் கையெழுத்திடும் முன் முதல் நிதியைத் தருபவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.