அலபாமா மாறிவிட்டதா? செனட் முடிவைப் படிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

2017 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செனட் இடைத்தேர்தல். ஜெஃப் செஷன்ஸ் டிரம்ப் அமைச்சரவையில் சட்டத்துறைத் தலைவராகப் போனதால் காலியான இடம். குடியரசுக் கட்சியின் கோட்டை அது. ஜனநாயகக் கட்சிக்காரர் அங்கே கடைசியாக செனட் தேர்தலில் ஜெயித்தது 1992-இல். அன்று ஜெயித்த ரிச்சர்ட் ஷெல்பியும் இரண்டே வருடத்தில் குடியரசுக் கட்சிக்கு மாறிப் போய்விட்டார். அப்படிப்பட்ட இடத்தில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் 21,924 வாக்கு வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் ராய் மூரைத் தோற்கடித்தார். இரவோடு இரவாக ஒரு பக்கம் கொண்டாட்டம், மறு பக்கம் கோபம், நடுவில் ஆளுக்கொரு வியாக்கியானம். அந்த வியாக்கியானங்களில் பெரும்பாலானவை இன்று படித்தால் செல்லுபடியாகவில்லை. அமெரிக்கத் தேர்தல்களைத் தமிழில் தொடர்ந்து கவனிக்கிறவர்களுக்கு இந்த ஒரு தேர்தலே போதும், எங்கெல்லாம் சறுக்குகிறோம் என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். செனட் என்றதும் நம் ஆட்கள் மாநிலங்களவையை நினைத்துக்கொள்கிறார்கள். செனட்டர்களை எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. 1913 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. ஆகவே கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகக் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பும் ஜனநாயகக் கட்சிக்கு நீலமும் பூசிய வரைபடத்தைக் காட்டி, "இவ்வளவு சிவப்பு இருந்தும் எப்படித் தோற்றார்?" என்று கேட்பதில் பொருளில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த கவுன்ட்டி பத்து சேர்ந்தாலும் பர்மிங்ஹாம் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுன்ட்டி ஒன்றுக்கு ஈடாகாது. அன்று இரவு வெகுநேரம் மூர்தான் முன்னிலையில் இருந்தார். ஜெஃபர்சன் போன்ற பெரிய இடங்களின் வாக்குகள் முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் ஜோன்ஸ் முந்தினார். முதல் சுற்று முன்னிலையை நம்பிப் பட்டாசு கொளுத்துகிறவர்களை நாம் பார்க்காததா?

அடுத்தது பெரிய தவறு. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

"அலபாமா மக்கள் மனம் மாறிவிட்டார்கள்" என்றுதான் அன்று எல்லோரும் எழுதினார்கள். மாறியிருந்தால் அது எண்ணிக்கையில் தெரிய வேண்டும் அல்லவா? 2016 அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தில் டிரம்ப் வாங்கிய வாக்குகள் 13,18,255. ஹிலாரி கிளின்டன் வாங்கியவை 7,29,547. ஒரு வருடம் கழித்து மூருக்கு விழுந்தவை 6,51,972, ஜோன்ஸுக்கு 6,73,896. ஜோன்ஸ் தன் கட்சி முந்தைய வருடம் வாங்கியதில் 92 சதவீதத்தை மீண்டும் வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்துவிட்டார். மூருக்குப் பாதிகூடத் தேறவில்லை. அதாவது ஜோன்ஸ் பெற்றது ஹிலாரி தோற்றபோது பெற்றதைவிடக் குறைவு. அதை வைத்துக்கொண்டு ஜெயித்தார்.

எதிர்த்தரப்பு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது என்பதுதான் இந்த எண்கள் காட்டும் முதன்மையான செய்தி. மூர் மீது பெண்கள் சிலர், தாங்கள் பதின்ம வயதில் இருந்தபோது அவர் தவறாக நடந்துகொண்டார் என்று நவம்பரில் குற்றம் சாட்டியிருந்தார்கள். அவர் மறுத்தார். அவருக்கு ஓட்டுப் போடவும் மனமில்லை, ஜோன்ஸுக்குப் போடவும் கை வரவில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் பலர் வராமலே இருந்துவிட்டார்கள். கட்சி மாறிப் போட்டவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்தார்கள். ஆனால் மொத்த வாக்குகள் 21 லட்சத்திலிருந்து 13.5 லட்சத்துக்கு இறங்கியிருக்கும்போது, இறங்கிய அந்த ஏழரை லட்சத்தைக் கண்டுகொள்ளாமல் மனமாற்றத்தைப் பற்றிப் பேசுவது எப்படிச் சரியாகும்?

சந்தேகம் இருப்பவர்கள் 2020-க்குப் போகலாம். அதே ஜோன்ஸ், அதே இடம், எதிரே முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் டாமி டியூபர்வில். ஜோன்ஸுக்கு இந்த முறை சுமார் 9.2 லட்சம் வாக்குகள். 2017-இல் ஜெயித்தபோது வாங்கியதைவிட இரண்டரை லட்சம் அதிகம்; அதே நாளில் அந்த மாநிலத்தில் ஜோ பைடன் வாங்கியதைவிடவும் அதிகம். ஆனாலும் 20 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றார், ஏனென்றால் அதிபர் தேர்தலும் சேர்ந்து வந்ததால் எதிரணி முழுப் பலத்தோடு வந்து 13.9 லட்சம் வாக்குகளைப் போட்டுவிட்டுப் போனது.

இடைத்தேர்தலை நாட்டுக்கே வந்த தீர்ப்பாக்குவதும் இதே கதைதான். வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் டிரம்ப் செயல்பாட்டை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் 48-க்கு 48 என்று சமமாக நின்றார்கள். "டிரம்ப் செல்வாக்கு அலபாமாவிலேயே சரிந்துவிட்டது" என்று உடனே தலைப்பு வந்தது. 28 புள்ளிகளில் அவர் ஜெயித்த மாநிலம்தான். ஆனால் அந்தக் கணிப்பு கேட்டது அன்றைக்கு வந்தவர்களை மட்டும். வராதவர்கள் யாருடைய ஆட்கள் என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

வாக்குச் சீட்டில் இல்லாத பெயரை வாக்காளரே எழுதிப் போட அங்கே வழி உண்டு. அப்படி விழுந்தவை 22,852. வெற்றி வித்தியாசத்தைவிட 928 அதிகம். "இவர்கள்தான் மூரைக் கவிழ்த்தார்கள்" என்ற வாதம் இங்கிருந்து கிளம்பியது. அப்போது அலபாமாவின் இன்னொரு செனட்டராக இருந்த ஷெல்பியே மூருக்குப் போடாமல் வேறொரு குடியரசுக் கட்சிக்காரரின் பெயரை எழுதியதாக வெளிப்படையாகச் சொன்னார் என்பதால் வாதத்துக்கு வலுவும் கூடியது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட அத்தனை பேரும், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர், மூருக்கே போட்டிருந்தால்தான் முடிவு மாறும். அவருக்குப் போட விருப்பமில்லாமல்தானே எழுதியே போட்டார்கள்! உட்கட்சித் தேர்தலில் மூரிடம் தோற்ற லூதர் ஸ்ட்ரேஞ்சின் பெயரைத்தான் அதிகம் பேர் எழுதியிருந்தார்கள். அன்று அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனின் பெயரையும் சிலர் எழுதினார்கள். நோட்டாவுக்குப் போட்டவரை எந்தக் கட்சிக் கணக்கில் சேர்ப்பது என்ற நம் ஊர்ச் சண்டைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

கொண்டாட்டக் கூட்டத்தில் மைக் முன்னால் மாட்டுகிற முகத்தை மாநிலத்தின் முகமாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். ஜோன்ஸ் வெற்றிக் கூட்டத்தில் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று ஓர் இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து, ஓட்டுப் போடவும் பிரசாரம் செய்யவும் சேர்ந்து கைகொடுத்தோம் என்ற அர்த்தத்தில் உற்சாகமாக ஏதோ சொன்னார். சில விநாடிப் பேச்சுதான். "பார்த்தீர்களா, வெளிமாநிலத்திலிருந்து ஆள் இறக்கி ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்" என்று அந்தத் துண்டு வீடியோ பறந்தது. அவர் எங்கே வசிப்பவர், எங்கே பதிவு செய்த வாக்காளர் என்று விசாரிக்க யாருக்கும் பொறுமையில்லை. தேர்தல்களுக்குப் பொறுப்பான அப்போதைய மாநிலச் செயலர் ஜான் மெரில், அவர் குடியரசுக் கட்சிக்காரர், விசாரித்தார். அந்த இளைஞர் ஒரு வருடத்துக்கும் மேலாக அலபாமாவில் வசித்து வேலை பார்ப்பவர், அங்கேயே பதிவு செய்த வாக்காளர் என்று தெரியவந்தது. இந்த மறுப்பை எத்தனை பேர் பகிர்ந்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஜோன்ஸ் வெற்றியைக் கொண்டாடியவர்களும் ஒரு தவறு செய்தார்கள். கறுப்பினப் பெண்களில் 98 சதவீதம் பேர் ஜோன்ஸுக்குப் போட்டார்கள் என்று அந்தக் கணிப்பு சொன்னதும் "நாட்டையே காப்பாற்றினீர்கள், நன்றி" என்று பதிவுகள் குவிந்தன. ஏதோ அடுத்தவருக்குச் செய்த உபகாரம் போல. 1963-இல் பர்மிங்ஹாம் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்ற கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் இருவருக்கு, ஏறக்குறைய 40 வருடம் கழித்து 2001, 2002-இல் தண்டனை வாங்கிக்கொடுத்த அரசு வழக்கறிஞர் இதே டக் ஜோன்ஸ். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் புதிய முகமில்லை. அவருக்குப் போடத் தங்களுக்கென்று காரணம் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கடைசியாக, தோற்றவர் ஒப்புக்கொண்டால்தான் தேர்தல் முடியும் என்ற நினைப்பு. மூர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் அலபாமாவில் தானாகவே மறு எண்ணிக்கை. இங்கே ஒன்றரை சதவீதத்துக்கும் மேல். முடிவைச் சான்றளிப்பதை நிறுத்தச் சொல்லி மூர் வழக்குப் போட்டார், நீதிபதி தள்ளுபடி செய்தார். டிசம்பர் 28 அன்று முடிவு சான்றளிக்கப்பட்டது. 2018 ஜனவரி 3 அன்று ஜோன்ஸ் பதவியேற்றார். மூர் 2020-இல் மீண்டும் அதே இடத்துக்குக் கட்சியிடம் வாய்ப்புக் கேட்டு நின்று, உட்கட்சித் தேர்தலின் முதல் சுற்றோடு வெளியேறினார்.