வேலூர்ல ஹார்ட்கோர் மியூசிக் ஷோ நடத்தப் போறீங்களா, இல்ல பாக்க வரீங்களா? நாங்க பண்ணின தப்புங்கள மட்டும் பண்ணிடாதீங்க

மண்டபத்து வாட்ச்மேன் தாத்தா முதல் பேண்ட் ரெண்டாவது பாட்டு தொடங்கினதும் என்கிட்ட ஓடி வந்து, "தம்பி, உள்ள அடிச்சிக்கினு கீறாங்கபா, போலீசுக்கு போன் போட்டுடவா?"ன்னு கேட்டார். இல்ல தாத்தா, இது டான்ஸ்னு சொன்னேன். அவர் நம்பல. உள்ள எட்டிப் பாத்தா நெத்தி வீங்கின ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே வெளிய வரான், அதுக்கப்புறம் தான் தாத்தா போய் சேர்ல உக்காந்தார்.

இதுவரைக்கும் மூணு ஷோல மூட்டை தூக்கிருக்கேன், அதைவிட நெறைய ஷோல கூட்டத்துல நின்னு மிதி வாங்கிருக்கேன். எதுவுமே பாட்டு சரியில்லாம கெட்டது கிடையாது. தண்ணி, சாவி, எர்த், டைம், இந்த நாலுல தான் கெட்டுது. அதான் எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. 1980 வாக்குல அமெரிக்காவுல வாஷிங்டன்ல பேட் பிரெயின்ஸ், மைனர் த்ரெட், கலிஃபோர்னியாவுல பிளாக் ஃபிளாக்னு சில பேண்டுங்க, பங்க்ங்கற முரட்டு ராக் இசைய இன்னும் வேகமா, இன்னும் சின்னதா வெட்டி வாசிச்சாங்க பாருங்க, அது தான் ஹார்ட்கோர். ஒரு பாட்டு ஒன்னரை நிமிஷம் தாண்டினா பெருசு. பெரிய கம்பெனி யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சதால அவங்களே ஹால் பிடிச்சு, அவங்களே நோட்டீஸ் அடிச்சு, அவங்களே ரெக்கார்டும் போட்டாங்க. அதனால இந்த ஷோக்கு டிக்கெட் வாங்கிட்டு வரவனும் ஸ்பீக்கர் பாக்ஸ் ஒரு பக்கம் பிடிக்க வேண்டி வரும், தயாரா வாங்க.

முதல்ல தேதி. மே மாசம் லீவுன்னு வெக்காதீங்க. கத்திரி வெயில்ல நம்ம ஊர்ல சும்மா நின்னாலே சட்டை நனையுது, 150 பேர் மூடின ஹாலுக்குள்ள குதிச்சா மயங்கி விழுவாங்க. நாங்க ரொம்ப புத்திசாலித்தனமா ஆடி மாசம் பிடிச்சோம், ஏன்னா ஆடியில கல்யாணம் கிடையாது, மண்டபம் காலியா கிடக்கும், ஓனர் பேரம் பேசுனா இறங்கி வருவார். எல்லாம் சரி, ஆடி ஞாயித்துக்கிழமை அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்கன்னு ஒருத்தனுக்கும் தோணல பாருங்க. மதியம் நாங்க சவுண்ட் செக் பண்றோம், பக்கத்து தெருவுல அம்மன் பாட்டு. எங்க ரெண்டு பாக்ஸ் அவங்க எட்டு பாக்ஸ் முன்னாடி என்ன ஆகும், தோத்துட்டோம். பம்பை உடுக்கை கேட்டுட்டு எங்க டிரம்மரே "மச்சி இது நம்மளவிட ஸ்பீடுடா"ன்னுட்டான். அந்தத் தேதியில அக்கம்பக்கத்துல என்ன விசேஷம்னு மண்டபத்து ஓனர்கிட்ட கேக்காதீங்க, அவர் அட்வான்ஸ் வாங்கற வரைக்கும் ஒன்னும் இல்லன்னு தான் சொல்வார். எதிர்ல டீக்கடையில கேளுங்க.

அடுத்தது இடம். மத்த ஊருக்கு இல்லாத பிரச்சனை நமக்கு ஒன்னு இருக்கு, டவுன் நடுவுல சிஎம்சி ஆஸ்பத்திரி. 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். அந்த 100 மீட்டர் தாண்டினா போதும்னு நினைக்காதீங்க, காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் லாட்ஜ் எல்லாத்துலயும் கல்கத்தா, ஜார்க்கண்ட், வடகிழக்குல இருந்து வந்த நோயாளிங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும் தான். நாங்க பெங்களூர் பேண்டுக்கு அங்க ரூம் போட்டோம், சீப்பா கிடைச்சுதுன்னு. ராத்திரி ஒரு மணிக்கு பையனுங்க கிட்டார் கேஸ படியில தட்டிக்கிட்டே சிரிச்சிட்டு ஏறுறாங்க, எதிர் ரூம் கதவு திறந்து ஒரு அம்மா கையில மருந்து சீட்டோட சும்மா பாத்தாங்க. ஒன்னும் சொல்லல. திட்டிருந்தா கூட பரவால்லன்னு இருந்துச்சு. அடுத்த தடவை சத்துவாச்சாரியில தெரிஞ்சவங்க வீட்டு மொட்டை மாடியில பாய் போட்டுக் குடுத்துட்டோம்.

அதே விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. மைக்கே வெக்காம டிரம்ஸ் அடிச்சாலே கிட்ட நின்னா 100 வந்துடும், அதனால திறந்தவெளி ஆசைய விட்டுடுங்க, சுத்தி வீடு இல்லாத, சுவர் கனமான ஹால் பாருங்க. ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது. ஸ்டேஷன்ல பர்மிஷன் கேட்டு எழுதிக் குடுக்கும்போது தயவுசெஞ்சு "மெல்லிசை நிகழ்ச்சி"ன்னு எழுதாதீங்க. எங்காளு ஒருத்தன் எழுதினான். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த ஏட்டு உள்ள வந்து ரெண்டு நிமிஷம் நின்னுட்டு, அந்த பேப்பர எடுத்து இன்னொரு தடவை படிச்சுப் பாத்தார், அந்த முகத்த நான் மறக்கவே மாட்டேன். மேற்கத்திய இசை, சத்தம் அதிகமா இருக்கும், இத்தனை மணிக்கு முடிச்சிடுவோம், பொறுப்பாளர் நம்பர் இதுன்னு உள்ளத எழுதுங்க. உண்மைய எழுதினா ரெண்டு கேள்வி முன்னாடியே கேப்பாங்க, ஷோ நடுவுல கேக்கமாட்டாங்க.

சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு சுவர் பூரா மெத்தை ஸ்பாஞ்ச், தெர்மாகோல் ஒட்றது இருக்கே, அத பண்ணவே பண்ணாதீங்க. அது சத்தத்த பெருசா தடுக்காது, தீய மட்டும் நல்லா பிடிச்சுக்கும். 2003 பிப்ரவரியில அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஸ்டேஷன்ங்கற கிளப்ல மேடைக்குப் பின்னாடி இதே மாதிரி ஸ்பாஞ்ச் ஒட்டிருந்தாங்க, பேண்ட் விட்ட மத்தாப்பு அதுல பட்டு 100 பேர் செத்தாங்க. நம்ம பக்கத்துல 2004 ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத் தீ விபத்து ஞாபகம் இருக்கும். கல்யாண மண்டபத்துல பின்வாசல் எப்பவும் பூட்டிருக்கும், சமையல்காரர் பாத்திரம் தூக்கிட்டுப் போவார்னு பயம். எங்க மண்டபத்துல சாவி ஓனர் மச்சான்கிட்ட, மச்சான் ஆம்பூர்ல ஒரு வளைகாப்புல. ஆள் பைக்ல போய் சாவி வாங்கி வந்து பூட்டத் திறந்த அப்புறம் தான் கேட்டே திறந்தோம், 50 நிமிஷம் லேட்டு. லேட்டானா ஆகட்டும், பின்கதவு திறக்காம ஒருத்தரையும் உள்ள விடாதீங்க.

டைம்னு சொன்னேன்ல. ஹார்ட்கோர் பேண்ட் 20 நிமிஷம் தான் வாசிக்கும், அப்ப 12 பேண்ட் கூப்பிடலாம்னு தோணும். பேண்ட் மாறும்போது ஒயர் கழட்டி மாட்டி செட் ஆக 15 நிமிஷம் போகுதே அத யாரும் எண்ணமாட்டாங்க. எட்டு பேண்டுக்கு வாசிக்க 160 நிமிஷம், நடுவுல ஏழு இடைவெளிக்கு 105, நாலு மணிக்கு ஆரம்பிச்சாலே எட்டரை ஆயிடும். அதோட நம்ம ஊர் நாலு மணின்னா எத்தன மணின்னு உங்களுக்கே தெரியும். எட்டுக்கு மேல வேணாம். டிரம் செட், கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்கற பெட்டி), பாஸ் ஆம்ப் எல்லாருக்கும் பொதுவா ஒன்னே இருக்கட்டும், ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் அவங்கவங்க கொண்டு வரணும்னு ஒரு வாரம் முன்னாடியே ஒவ்வொரு டிரம்மர்கிட்டயும் போன்லயே சொல்லிடுங்க. குரூப்ல போட்டா படிக்கமாட்டாங்க.

கரண்ட் விஷயத்த கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், இதுல தான் உயிர் போகும். எங்க ரெண்டாவது ஷோல மைக் ஒயர் எல்லாம் வந்து சேர்ற மிக்சரும் ஸ்பீக்கர் பாக்ஸும் ஜெனரேட்டர்ல, கிட்டார் ஆம்ப் மட்டும் மண்டபத்து சுவர் பிளக்ல, ஏன்னா ஒயர் எட்டல. அந்த ஆம்ப் பிளக்ல எர்த் பின்ன யாரோ எப்பவோ உடைச்சிருக்காங்க, ரெண்டு பின் சாக்கெட்ல சொருகறதுக்காக. கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடற பையன் மைக்ல வாய வெச்சான், பட்டுனு ஒரு சத்தம், ரெண்டடி பின்னாடி போய் ஆம்ப் மேல சாஞ்சிட்டான். கூட்டம் அதுவும் ஸ்டைல்னு நினைச்சு கத்துது. உதடு வெந்து வெள்ளையா போச்சு. கிட்டார் கம்பி ஆம்ப் வழியா ஒரு பக்கம், மைக் மிக்சர் வழியா இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் எர்த் ஒன்னு இல்ல, நடுவுல இவன் வாய் தான் ஒயர். வேர்வையில நனைஞ்ச கை வேற. அதனால மேடை மேல இருக்கற எல்லாத்துக்கும் கரண்ட் ஒரே இடத்துல இருந்து வரணும், எர்த் ஒழுங்கா இருக்கணும். சவுண்ட் செக்குக்கு முன்னாடி மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வெச்சு ஒரு முனைய கிட்டார் கம்பியிலயும் இன்னொரு முனைய மைக் வலையிலயும் தொட்டுப் பாருங்க, ஜீரோ பக்கத்துல இல்லாம பெருசா ஏதாவது காட்டுச்சுன்னா எலக்ட்ரீஷியன் வந்து சரி பண்ற வரைக்கும் யாரும் பாடக் கூடாது.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனுங்க தங்கமானவங்க, ஆனா அவங்க பழகினது கட்சி மீட்டிங், ஆர்க்கெஸ்ட்ரா. ஒன்னும் சொல்லாம விட்டா குரலுக்கு எக்கோ போட்டு வெச்சிருப்பாங்க, ஹார்ட்கோர் கத்தலுக்கு எக்கோ போட்டா கிணத்துக்குள்ள விழுந்தவன் கூப்பிடற மாதிரி இருக்கும். "அண்ணே, பாடறவன் மைக்க கூட்டத்துல குடுப்பான், கூட்டமும் பாடும், சில நேரம் கீழ விழும்"னு முதல்லயே சொல்லிட்டு, மைக் நம்மளே ரெண்டு வாங்கி வெச்சிக்கறது மரியாதை. மைக் தலைய கையால மூடிப் பிடிச்சா ஊளையிடும், அத பாடறவங்ககிட்ட சொல்லுங்க, அண்ணன் மேல பாயாதீங்க.

காசு விஷயத்துல ஒன்னே ஒன்னு தான். வெளியூர் பேண்டோட பெட்ரோல் காசையோ காட்பாடி வரைக்கும் ட்ரெயின் காசையோ கவர்ல போட்டு முதல்லயே தனியா எடுத்து வெச்சிடுங்க. சென்னையில இருந்து 140 கிலோமீட்டர் போல, பெங்களூர்னா 200-க்கு மேல. மிச்சம் வந்தா தரேன்னு சொல்லாதீங்க, மிச்சம் வராது.

இனி பாக்க வரவங்களுக்கு. செருப்புல வராதீங்க. பிட்டுங்கறது மேடை முன்னாடி வட்டமா இடம் விட்டு குதிக்கற இடம், அங்க செருப்பு முதல் பாட்டுலயே போயிடும், அப்புறம் வெறுங்கால்ல மத்தவன் பூட்ஸ் ஏறும். ஷூ லேஸ ரெண்டு முடிச்சு போடுங்க. ஆணி வெச்ச பெல்ட், பெரிய மோதிரம், பைக் சாவிக்கொத்து எல்லாம் வெளிய பேக்ல, கண்ணாடிய கழட்டி கடையில டீ-ஷர்ட் விக்கற ஆள்கிட்ட குடுத்துட்டுப் போங்க. யாராவது கீழ விழுந்தா பக்கத்துல இருக்கறவன் உடனே அக்குள்ல கை குடுத்துத் தூக்கணும், பாட்டு எங்க இருந்தாலும் சரி. ஓரமா நின்னு பாக்கறவங்கள வேணும்னே இழுக்கறது, அடிக்கறது, பொண்ணுங்க மேல கை படற மாதிரி மோதறது, இதுக்கெல்லாம் எங்க ஷோல ரெண்டாவது வார்னிங் கிடையாது, டிக்கெட் காச கையில குடுத்து அனுப்பிடுவோம். மேடையில இருந்து குதிக்கறவங்க கீழ ஆள் இருக்கான்னு பாத்துட்டு, முதுகு காட்டி சாயுங்க, கால முன்னாடி நீட்டிக்கிட்டு வந்தீங்கன்னா யாரோ ஒருத்தர் மூக்கு காலி.

காது. 85 டெசிபல்ல 8 மணி நேரம் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுக்கு மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியா குறையும், 100-க்கு வந்தா வெறும் 15 நிமிஷம். மெடிக்கல்ல கிடைக்கற ஸ்பாஞ்ச் காதடைப்ப வாங்கிக்குங்க. பஞ்சு பத்தாது. எனக்கு இடது காதுல இப்பவும் ராத்திரி ஃபேன் நிறுத்தினா கொய்யின்னு கேக்கும், நான் ஒன்னும் வீரன் இல்ல, முட்டாள்.

சாப்பாடு: மதியம் ஆம்பூர் பிரியாணிய கத்திரிக்காயோட ஒரு கட்டு கட்டிட்டு நாலு மணிக்கு பிட்ல இறங்காதீங்க. இத நான் விளக்கப் போறதில்ல. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர் கணக்கு போட்டா 150 பேருக்கு 15 கேன் வேணும், நாங்க முதல் ஷோக்கு நாலு கேன் போட்டோம், அஞ்சரைக்கே காலி. கேனோட உப்பு போட்ட நீர்மோர் ஒரு அண்டா, ஓஆர்எஸ் பாக்கெட் கொஞ்சம் இருக்கட்டும். குடிச்சிட்டு வரவங்கள நாங்க உள்ள விடறதே இல்ல. இது ஒன்னும் நம்ம ஊர் கட்டுப்பாடு இல்ல, 1980-ல சின்னப் பசங்க உள்ள வரலாம், சரக்கு மட்டும் தராதீங்கன்னு அமெரிக்க கிளப்ல கை மேல எக்ஸ் போட்டு விட்டாங்க, அப்புறம் குடிக்காதவங்களே பெருமையா அந்த எக்ஸ போட்டுக்கிட்டாங்க. எங்க ஷோலயும் வாசல்ல மார்க்கர் வெச்சிருப்போம், வேணும்னா போட்டுக்குங்க.

கடைசி பாட்டு முடிஞ்சதும் ஓடிடாதீங்க, ஒயர் சுத்தணும், தரை பெருக்கணும், டேப் ஒட்டின பசைய மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கணும், இல்லன்னா அடுத்த வருஷம் அந்த மண்டபம் கிடையாது. போன தடவை பெருக்கினப்ப ஒத்தச் செருப்பு மட்டும் ஏழு கிடைச்சுது, ஏழும் வேற வேற. வாட்ச்மேன் தாத்தா காம்பவுண்ட் சுவர் மேல வரிசையா அடுக்கி வெச்சார். ஒரு வாரம் கழிச்சு அட்வான்ஸ் பாக்கிய வாங்கப் போனேன், அஞ்சு அப்படியே இருந்துச்சு.