சைக்கிள் பாரமாக ஓடுகிறதா? உராய்வைத் தேடிப் பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நிலம் தட்டை. அதனால் இங்கே சைக்கிள் பாரமாக ஓடினால் எதிர்க்காற்று, ரயர், செயின், போல்ஸ் (அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள்) என்ற நாலில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறேக் கட்டை றிம்மில் உரசுவது ஐந்தாவது. அது சத்தம் போட்டுத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய்ப் போத்தலை எடுக்கமுன் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். செயினிலும் அச்சிலும் உராய்வு குறைய வேண்டும். பிறேக் கட்டை றிம்மில் படும் இடத்திலும், ரயர் றோட்டில் படும் இடத்திலும், செருப்பு பெடலில் படும் இடத்திலும் அது இருந்தே ஆக வேண்டும். பளபளப்பாக இருக்கட்டும் என்று றிம்முக்கும் எண்ணெய் பூசிவிட்டுச் சந்தியில் நிற்க முடியாமல் தவிப்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

முதலில் அளந்து பாருங்கள். காற்றில்லாத விடியற்காலையில், தட்டையான தார் றோட்டில் ஒருவர் சைக்கிளில் இருக்கட்டும். மற்றவர் ஹாண்டிலுக்கு நடுவே கயிறு கட்டி, விற்றராசைக் கொழுவி, நடை வேகத்தில் ஒரே சீராக இழுக்கட்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால் தராசு 1 கிலோவுக்குக் கிட்டக் காட்டினால் போதும். 2 கிலோவைத் தாண்டினால் வேலை இருக்கிறது. இழுக்கத் தொடங்கும் கணத்தில் முள் கூடக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் இழுத்துச் சராசரி எடுங்கள். தட்டை என்று நாங்கள் நினைக்கும் றோட்டும் சிறிது சரிந்திருக்கும்.

கூடக் காட்டினால் முதலில் ரயரைப் பாருங்கள். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுதும் திரும்பி வராது, ஒரு பகுதி ரப்பரில் சூடாகப் போய்விடும். ரயரின் பக்கத்தில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும், அந்த அளவுக்கு அடியுங்கள். பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது அளவு அல்ல.

அடுத்தது போல்ஸ். முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகச் சுற்றிவிடுங்கள். நல்ல சில்லு நிற்கப்போகும்போது வால்வுப் பக்கம் கீழே வந்து, ஊஞ்சல் போல இரண்டு மூன்று தரம் முன்பின் ஆடி ஓயும். சடக்கென்று நின்றால் கோன் (போல்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்புத் துண்டு) இறுகியிருக்கிறது. றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது கடகடத்தால் கோன் தளர்ந்திருக்கிறது. இறுக்குவதோ தளர்த்துவதோ, ஒரு தரத்தில் அரைக்கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கோனைப் பூட்டும் நட்டை இறுக்கும்போது கோனும் கூடத் திரும்பும் என்பதால் பிறகு மறுபடியும் சுற்றிப் பாருங்கள்.

கழற்றினால், வழக்கமான சைக்கிளில் முன் சில்லில் பக்கத்துக்கு 10 போல்ஸ் (3/16 அங்குலம்), பின் சில்லில் பக்கத்துக்கு 9 (1/4 அங்குலம்) இருக்கும். ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். தேயாத புதியது மயிரளவு பெரிதாக இருக்கும், பாரம் முழுவதையும் தானே தாங்கி, போல்ஸ் உருளும் கிண்ணமான கப்பில் குழி விழுத்தும். குழி விழுந்த கப்பைக் கிறீஸ் காப்பாற்றாது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது புழுதியை ஒட்டவைக்கும். எங்கள் ஒழுங்கைகளின் சுண்ணக்கல் புழுதி அதோடு சேர்ந்தால் அம்மியில் அரைப்பது போல ஊசிகளைத் தேய்க்கும். மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி மெஷின் ஒயில் விடுங்கள். பெடலைப் பின்னுக்குச் சுற்றி ஊறவைத்து, வெளிப்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். துடைக்காத எண்ணெய்தான் மணலைப் பிடிக்கிறது. 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 1/8 ஆகியிருந்தால் புதுச் செயின் வாங்குங்கள். நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆடுமளவுக்குத் தளர்வு விடுங்கள். தீவுப்பக்கம் ஓடும் சைக்கிளுக்கு உப்புக்காற்று வேறு, அதனால் இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

டைனமோ சுழலும்போதும் பாரம் கூடும், அது பழுதல்ல. மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி றேடியோ கேட்டவர்களின் கைக்கு அது தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பண்ணைப் பாலத்தில் சைக்கிள் நகரவில்லை என்றால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுத்தான் காரணம். காற்றின் தடை சார்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அமைதியான காற்றில் மணிக்கு 18 கிலோமீற்றரில் ஓடும்போது தடை ஒரு கிலோ அளவு. அதே வேகத்தில் எதிர்க்காற்றும் 18 என்றால் நாலு மடங்கு. குனிந்து, முழங்கையை உள்ளே ஒடுக்கி, வேகத்தைக் குறையுங்கள்.

மணலில் கதை வேறு. வல்லிபுரம் பக்கத்து மணலில் சில்லு தான் தோண்டிய குழியிலிருந்து எந்நேரமும் ஏறிக்கொண்டே இருக்கிறது, தடை பத்து மடங்குக்கு மேல் போகும். கொஞ்சம் காற்றை இறக்கி, பின்னுக்குச் சாய்ந்து, ஹாண்டிலைத் திருப்பாமல் மிதியுங்கள். இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுவதே கெட்டித்தனம்.

கரியரில் வெங்காய மூட்டை கட்டினால் ஆசனத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் முன் சில்லு றோட்டை அழுத்தும் விசை குறையும், அதோடு பிடியும் குறைந்து திருப்பத்தில் வழுக்கும்.

ஐப்பசி மழைக்குப் பிறேக்கைத் தயார்செய்யுங்கள். கட்டைக்கும் றிம்முக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். கட்டை கண்ணாடி போல மினுங்கினால் கழற்றிச் சீமெந்துத் தரையில் நாலு தரம் உரசுங்கள். புழுதியும் எண்ணெயும் குழம்பாகும் முதல் மழையில்தான் றோட்டு மிக வழுக்கும். நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் உடனே பிடிக்காது, நிற்க வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னமே மெதுவாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு இறுகப் பிடியுங்கள்.